கேப்டன் கிட் புதைத்த புதையல்!

கடல் கொள்ளையன் என்றதும் உங்கள் மனதில் என்ன தோன்றும்? ஒரு கண்ணை மறைத்த கறுப்புத் துணி, தோளில் ஒரு கிளி, கையில் பழுப்பேறிய வரைபடம், அதில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி! அந்த இடத்தைத் தோண்டினால், பெட்டி நிறையத் தங்கம் பளபளக்கும். கதைகளிலும் சினிமாக்களிலும் இப்படித்தானே வருகிறது?

ஆனால், உண்மை வேறு. கடல் கொள்ளையர்கள் பெரும்பாலும் எதையும் புதைத்து வைக்கவில்லை. கொள்ளையடித்ததை அன்றே பங்கு போட்டுக்கொள்வார்கள். கரையில் இறங்கியதும் செலவழித்துத் தீர்த்துவிடுவார்கள். புதையல் புதைத்தார் என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடியவர்கள் மிகமிகச் சிலர்தான். அவர்களில் எல்லோரையும்விடப் புகழ்பெற்றவர், கேப்டன் வில்லியம் கிட்.

அவர் புதைத்ததைத் தேடி 300 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால், அவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட பொருள் மண்ணுக்குள் இல்லை. அது எங்கே இருந்தது தெரியுமா? வாருங்கள், அவரது வாழ்க்கையைப் பார்ப்போம்.

நியூயார்க்கின் மதிப்பான மனிதர்

வில்லியம் கிட், சுமார் 1654-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1689-ல் அவர் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள கரீபியன் கடலில் ஒரு கப்பலின் கேப்டனாக இருந்தார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு விநோத வழக்கம் உண்டு. போர்க் காலத்தில், தனியார் கப்பல்களுக்கு அரசாங்கமே உரிமம் கொடுக்கும். அந்த உரிமம் இருந்தால், எதிரி நாட்டுக் கப்பலைப் பிடித்து அதிலுள்ள சரக்கை எடுத்துக்கொள்ளலாம். அது குற்றம் இல்லை! உரிமம் இல்லாமல் அதே வேலையைச் செய்தால், கடல் கொள்ளை, தண்டனை தூக்கு. ஆக, ஒருவர் வீரரா, கொள்ளையரா என்பதைத் தீர்மானித்தது ஒரு காகிதம்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டின் கதையே இதில்தான் அடங்கியிருக்கிறது.

கிட் உரிமம் பெற்றவராகவே கடலில் இருந்தார். 1690-ல் அவர் கரையில் இருந்த நேரம் பார்த்து, அவருடைய மாலுமிகள் கப்பலையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் பெயர் ராபர்ட் கல்லிஃபோர்ட். இந்தப் பெயரும் பிறகு வரும்.

1691-ல் நியூயார்க்கில் சாரா என்ற வசதியான பெண்மணியைக் கிட் மணந்துகொண்டார். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஊரில் நல்ல பெயர், நல்ல வீடு. நியூயார்க்கில் டிரினிட்டி தேவாலயம் கட்டப்பட்டபோது, கற்களைத் தூக்க கயிறும் கப்பியும் கொடுத்து உதவியவர் கிட். பிற்காலத்தில் உலகமே கொள்ளையன் என்று சொல்லப்போகும் மனிதர், அப்போது இப்படித்தான் வாழ்ந்தார்.

பிரபுக்கள் போட்ட முதலீடு

1695-ல் கிட் லண்டன் சென்றார். அங்கே பெலமான்ட் பிரபு என்பவரின் அறிமுகம் கிடைத்தது. அவர் நியூயார்க், மாசசூசெட்ஸ் பகுதிகளுக்குக் கவர்னராகப் போகவிருந்தவர். இந்தியப் பெருங்கடலில் கடல் கொள்ளையர்களின் அட்டகாசம் அதிகமாக இருந்த காலம் அது. அவர்களைப் பிடிக்க ஒரு கப்பலை அனுப்பினால், அவர்கள் வைத்திருக்கும் செல்வமெல்லாம் கிடைக்குமே என்று திட்டம் போட்டார்கள். இங்கிலாந்தின் பெரிய பெரிய பிரபுக்கள் இதற்குப் பணம் போட்டார்கள். மன்னர் மூன்றாம் வில்லியமும் உரிமம் கொடுத்தார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு!

கிட்டுக்குக் கிடைத்த உரிமங்கள் இரண்டு. ஒன்று, கடல் கொள்ளையரைப் பிடிக்க. மற்றொன்று, பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க.

இதற்காகவே 'அட்வென்சர் கேலி' என்ற புதிய கப்பல் லண்டனை அடுத்த டெப்ட்ஃபோர்டில் தயாரானது. அதில் 34 பீரங்கிகள் இருந்தன. காற்று இல்லாவிட்டாலும் நகர்வதற்குத் துடுப்புகளும் உண்டு. மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது. கொள்ளைக் கப்பல் பிடிபட்டால் பங்கு, இல்லாவிட்டால் வெறுங்கை. இந்த ஏற்பாடுதான் பின்னால் பெரிய தலைவலியானது.

கப்பல் புறப்பட்ட உடனேயே, கிட் தேர்ந்தெடுத்த நல்ல மாலுமிகள் பலரை இங்கிலாந்துக் கடற்படை தன் கப்பல்களுக்கு இழுத்துக்கொண்டது. ஆள் குறைந்ததால், நியூயார்க்கில் கிடைத்த முரட்டு ஆட்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1696 செப்டம்பரில், சுமார் 150 பேருடன் கப்பல் இந்தியப் பெருங்கடலை நோக்கிக் கிளம்பியது.

பசியும் சண்டையும்

1697-ன் தொடக்கத்தில் கிட் ஆப்பிரிக்காவைச் சுற்றி, மடகாஸ்கர் தீவுக்கு வந்து சேர்ந்தார். பிடிப்பதற்கு ஒரு கொள்ளைக் கப்பலும் கண்ணில் படவில்லை. பக்கத்திலுள்ள கொமோரோஸ் தீவுகளில் நோய் தாக்கி, ஏறக்குறைய 50 மாலுமிகள் இறந்தார்கள். புதிய கப்பலிலோ ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. மாதங்கள் போயின, கையில் காசு இல்லை. மாலுமிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அந்த ஆகஸ்டில் கிட் ஒரு தவறான காரியத்தில் இறங்கினார். செங்கடலின் வாசலில் காத்திருந்து, ஹஜ் பயணிகளுடன் மோக்கா துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் கப்பல் கூட்டத்தை நெருங்கினார். காவலுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் பீரங்கியால் சுட்டு அவரை விரட்டிவிட்டது.

1697 அக்டோபர் 30. பீரங்கி வீரர் வில்லியம் மூர் என்பவருக்கும் கிட்டுக்கும் வாக்குவாதம் முற்றியது. ஆத்திரத்தில் கிட், இரும்புப் பட்டை போட்ட மர வாளியைத் தூக்கி மூரின் தலையில் அடித்துவிட்டார். மறுநாள் மூர் இறந்துபோனார். ஒரு நொடிக் கோபம், ஓர் உயிரைப் பறித்துவிட்டது. அது கிட்டையும் கடைசிவரை விடவில்லை.

நம் கடலில் பிடிபட்ட கப்பல்

அடுத்த மாதம் ஒரு சிறிய கப்பல் கிட்டிடம் பிடிபட்டது. அதன் பிறகு, 1698 ஜனவரி 30 அன்று, கேரளத்தின் கொச்சிக்கு அருகே பெரிய கப்பல் ஒன்று சிக்கியது. பெயர், 'குவேதா மெர்ச்சன்ட்'. வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த இந்தியக் கப்பல் அது. உள்ளே பட்டு, மஸ்லின் துணி, சர்க்கரை, வெடியுப்பு, இரும்பு எல்லாம் நிறைந்திருந்தன.

கிட் ஒரு தந்திரம் செய்தார். தன் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நண்பர்கள்தான் வருகிறார்கள் என்று நம்பிய அந்தக் கப்பல்காரர்கள், பிரெஞ்சு அதிகாரிகள் கொடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டினார்கள். அவ்வளவுதான்! பிரெஞ்சுச் சீட்டு வைத்திருந்தால் அது பிரெஞ்சுக் கப்பல். தன் உரிமத்தின்படி அதைப் பிடிக்கலாம் என்பது கிட்டின் கணக்கு. முன்பு பிடித்த சிறிய கப்பலிலும் இதே போன்ற ஒரு சீட்டு இருந்தது. இரண்டு சீட்டுகளையும் கிட் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால், கப்பலின் கேப்டன் ஓர் ஆங்கிலேயர் என்பது பிறகுதான் தெரிந்தது. சரக்கில் ஒரு பகுதியோ, பேரரசர் அவுரங்கசீப்பின் அரசவையில் இருந்த பெரிய மனிதர் ஒருவருக்குச் சொந்தம். கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தான் சொன்னதாகவும், மாலுமிகள் கேட்கவில்லை என்றும் கிட் பின்னாளில் கூறினார். மலபார் கரையிலேயே சரக்கில் ஒரு பகுதியை விற்றுப் பங்கு போட்டார்கள்.

செய்தி சூரத்துக்கும் பேரரசருக்கும் எட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1695-ல், ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் அவுரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைக் கொள்ளையடித்திருந்தான். அந்தக் கோபத்தில் சூரத்திலிருந்த கம்பெனி ஆட்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். இப்போது மறுபடியும் ஓர் ஆங்கிலேயர்! எங்கே இந்தியாவில் வியாபாரமே போய்விடுமோ என்று கம்பெனி பயந்தது. கிட் ஒரு கடல் கொள்ளையர் என்று அரசாங்கம் அறிவித்தது. கடலில் இருந்த கிட்டுக்கு இது எதுவுமே தெரியாது.

மடகாஸ்கருக்கு அருகிலுள்ள செயின்ட் மேரி தீவில் அவர் யாரைச் சந்தித்தார் தெரியுமா? தன் கப்பலைத் திருடிய அதே கல்லிஃபோர்டை! அவன் இப்போது முழுக் கொள்ளையன். அவனைப் பிடிக்க வேண்டிய கிட்டின் மாலுமிகளில் பெரும்பாலோர், அவனிடமே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். 'அட்வென்சர் கேலி' ஓட்டை உடைசலாகி அங்கேயே மூழ்கியது. மிச்சமிருந்த சிலருடன், 'குவேதா மெர்ச்சன்ட்' கப்பலிலேயே கிட் ஊர் திரும்பக் கிளம்பினார்.

புதையல் புதைந்தது... கிடைத்தது!

1699 ஏப்ரலில் கரீபியன் தீவுகளை அடைந்தபோதுதான், தான் தேடப்படும் குற்றவாளி என்பது கிட்டுக்குத் தெரிந்தது. பெரிய கப்பலை இன்றைய டொமினிகன் குடியரசின் கரையோரம் நிறுத்தினார். சில ஆட்களைக் காவலுக்கு விட்டுவிட்டு, ஒரு சிறிய கப்பலை வாங்கிக்கொண்டு நியூயார்க் பக்கம் சென்றார். தன்னை அனுப்பிய பெலமான்ட் பிரபுவே அங்கு கவர்னராக இருக்கிறார். உண்மையைச் சொன்னால் காப்பாற்றுவார் என்று நம்பினார்.

போகும் வழியில் கார்டினர்ஸ் தீவு இருக்கிறது. ஜான் கார்டினர் என்பவருக்குச் சொந்தமான சிறிய தீவு. 1699 ஜூனில், அவருக்குத் தெரிந்தே, தங்கமும் வெள்ளியும் அடங்கிய பெட்டியையும் மூட்டைகளையும் கிட் அந்த மண்ணில் புதைத்தார். கையில் ஏதாவது இருந்தால்தான் கவர்னரிடம் பேரம் பேச முடியும் என்று நினைத்தார் போலும்!

குழந்தைகளே... உலகமே தேடும் கேப்டன் கிட் புதையல் இதுதான். இது எத்தனை நாள் மண்ணுக்குள் இருந்தது தெரியுமா? சில வாரங்கள்தான்!

பெலமான்ட், கிட்டை நயமாகக் கடிதம் எழுதி பாஸ்டன் நகருக்கு வரவழைத்தார். 1699 ஜூலை 6 அன்று கைது செய்துவிட்டார். புதைத்ததைக் கேட்டு ஆள் அனுப்பியதும், கார்டினர் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். பல இடங்களிலும் கைப்பற்றிய கிட்டின் பொருட்களுக்குப் பட்டியல் போட்டார்கள். சுமார் 1,100 அவுன்ஸ் தங்கம், 2,300 அவுன்சுக்கு மேல் வெள்ளி, சில நகைகள், 41 மூட்டைத் துணிமணிகள், 57 மூட்டைச் சர்க்கரை. அவ்வளவும் லண்டனுக்குப் போனது. பிறகு அதை விற்று வந்த பணம், கிரீனிச்சில் இருந்த கடற்படையினர் இல்லத்துக்குக் கொடுக்கப்பட்டது.

கரீபியனில் நின்ற பெரிய கப்பல் என்ன ஆயிற்று? காவலுக்கு இருந்தவர்களே சரக்கை விற்றுவிட்டு, கப்பலையும் எரித்துவிட்டார்கள்!

காணாமல் போன காகிதங்கள்

கிட்டிடம் கடைசியாக இருந்த ஆயுதம், அந்த இரண்டு பிரெஞ்சு அனுமதிச் சீட்டுகள். நான் பிடித்தவை பிரெஞ்சுக் கப்பல்கள் என்பதற்கு இதோ ஆதாரம் என்று அவற்றைப் பெலமான்டிடம் நம்பி ஒப்படைத்திருந்தார். பெலமான்ட் அவற்றை லண்டனுக்கு அனுப்பினார்.

1700-ல் கிட்டையும் லண்டனுக்குக் கொண்டுபோய், நியூகேட் சிறையில் ஓராண்டுக்கும் மேல் அடைத்தார்கள். அவருக்குப் பணம் கொடுத்த பிரபுக்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களின் அரசியல் எதிரிகளோ, இந்த வழக்கை வைத்து அவர்களை மாட்டிவிடப் பார்த்தார்கள்.

1701 மே 8, 9 தேதிகளில் விசாரணை நடந்தது. மூரைக் கொன்ற குற்றம் ஒன்று. கடல் கொள்ளைக் குற்றங்கள் ஐந்து. கிட்டின் மாலுமிகள் இருவரே, தங்களுக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்பதால் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். கிட் மறுபடியும் மறுபடியும் அந்தச் சீட்டுகளைக் கேட்டார். யாரும் கொண்டு வரவில்லை. எங்கே என்று சொல்லவும் ஆள் இல்லை. பெலமான்டும் இரண்டு மாதங்களுக்கு முன்பே அமெரிக்காவில் இறந்துவிட்டிருந்தார். எல்லாக் குற்றங்களும் நிரூபணமானதாகத் தீர்ப்பு வந்தது. தண்டனை, தூக்கு.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கிட் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். ஒரு லட்சம் பவுண்ட் மதிப்புள்ள செல்வத்தைக் கடல் கடந்த தேசத்தில் விட்டு வந்திருப்பதாகவும், தன்னைக் கைதியாகவே அழைத்துப்போனால் அதைக் காட்டுவதாகவும் நாடாளுமன்ற சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். யாரும் மசியவில்லை. 1701 மே 23 அன்று, தேம்ஸ் நதிக்கரையில் அவர் தூக்கிலிடப்பட்டார். முதல் முறை கயிறு அறுந்து விழுந்தும், மறுபடியும் ஏற்றினார்கள். மற்ற மாலுமிகளுக்கு எச்சரிக்கையாக, அவர் உடலை இரும்புச் சட்டத்தில் மாட்டி, கப்பல்கள் போய்வரும் வழியில் தொங்கவிட்டார்கள்.

கிட் இறந்தார், அந்தக் கடிதத்தில் இருந்த ஒரு லட்சம் பவுண்ட் மட்டும் சாகவில்லை!

தோண்டத் தோண்ட...

அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுக்கக் கதைகள் முளைத்தன. இந்தத் தீவில் கிட் புதைத்தார், அந்த ஆற்றங்கரையில் புதைத்தார் என்று ஊருக்கு ஒரு கதை! நடு இரவில் தோண்ட வேண்டும், தோண்டும்போது வாய் திறந்து பேசினால் பெட்டி மண்ணுக்குள் இறங்கிவிடும், பெட்டியைப் பேய் காவல் காக்கிறது என்றெல்லாம் மக்கள் நம்பினார்கள். எட்கர் ஆலன் போ 1843-ல் எழுதிய 'தங்க வண்டு' கதையில் கிட்டின் புதையல் வருகிறது. 1883-ல் புத்தகமாக வந்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலும் இந்தக் கதைகளின் வழியில் வந்ததுதான்.

கனடாவில் ஓக் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1795-ல் அங்கே ஒரு பள்ளத்தைப் பார்த்த சிலர், கிட்டின் புதையல் என்று தோண்ட ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்கூட, இளைஞராக இருந்த 1909-ல் அந்தத் தேடலில் கலந்துகொண்டார். அந்தத் தீவில் தோண்டியவர்களில் 6 பேர் உயிரை இழந்தார்கள். அவர்களில் 4 பேர் 1965-ல் ஒரே நாளில், ஒரே குழியில் இறந்தவர்கள். கிட்டின் புதையல் அங்கே இருப்பதற்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை.

2015-ல், மடகாஸ்கர் கடலுக்கடியில் கிட்டின் வெள்ளிக்கட்டி கிடைத்துவிட்டது என்று பெரிய பரபரப்பு. சுமார் 50 கிலோ எடை! யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அதில் 95 சதவீதம் ஈயம்! வெள்ளியே இல்லை.

உண்மையில் கிடைத்தவை

அப்படியானால் எதுவுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது குட்டீஸ்! 2007-ல், டொமினிகன் குடியரசின் கேட்டலினா தீவருகே, 'குவேதா மெர்ச்சன்ட்' கப்பலின் பீரங்கிகள் கண்டுபிடிக்கப்பட்டன. எவ்வளவு ஆழத்தில் தெரியுமா? 3 மீட்டருக்கும் குறைவு! கரையிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் தூரம்தான். 2011-ல் அந்த இடம், நீருக்குள்ளேயே பார்க்கும் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. நம் நாட்டிலிருந்து பறித்துக்கொண்டு போன கப்பலின் மிச்சம், இன்று உலகின் மறுபக்கத்தில் மீன்களுக்கு நடுவே இருக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரால்ஃப் பெய்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் கிட்டைப் பற்றி ஆராய்ந்தார். அவர் மண்வெட்டி எடுக்கவில்லை. லண்டனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் புரட்டினார். அங்கே, கிட் கெஞ்சிக் கேட்ட அந்தப் பிரெஞ்சு அனுமதிச் சீட்டுகள் இருந்தன! அவர் எதற்காக உயிரை விட்டாரோ, அந்தக் காகிதங்கள் அவர் விசாரிக்கப்பட்ட அதே நகரத்தில், 200 ஆண்டுகளாகப் பேசாமல் கிடந்திருக்கின்றன.

அவை நீதிமன்றத்துக்கு வந்திருந்தால் கிட் பிழைத்திருப்பாரா? மூரைக் கொன்ற குற்றம் இருந்ததே. அதற்கும் தண்டனை தூக்குதான். வேறு சில சிறு கப்பல்களைக் கொள்ளையடித்த பழியும் இருந்தது. ஆகவே, கிட் ஒன்றும் அப்பாவி அல்ல. ஆனால், குற்றம் சுமத்தப்பட்டவர் கேட்கும் ஆதாரத்தை மறைக்காமல் காட்ட வேண்டும் அல்லவா? அவர் நல்லவரோ, கெட்டவரோ, அந்த நியாயம் எல்லோருக்கும் பொது. அது கிட்டுக்குக் கிடைக்கவில்லை.

கார்டினர்ஸ் தீவில் புதைத்தது சில வாரங்களில் கிடைத்துவிட்டது. ஓக் தீவில் இல்லாததைத் தேடி ஆட்கள் உயிரை விட்டார்கள். ஒரு மனிதருக்காகப் பேசக்கூடிய இரண்டு தாள்களைத் தேடத்தான், தேட வேண்டிய நேரத்தில் யாருமே இல்லை!

குட்டீஸ்... உங்கள் ஊரிலும் மலையடிவாரம், பாழடைந்த கோட்டை என்று ஏதாவது ஒரு புதையல் கதை இருக்கும். கதையை ஆசையாகக் கேளுங்கள். குழி தோண்ட மட்டும் போகாதீர்கள். அப்படியே ஊர் நூலகத்துக்கும் ஒரு நடை போய், அந்தக் கோட்டையின் உண்மையான வரலாற்றைத் தேடிப் படியுங்கள். பெய்ன் போல உங்கள் கையிலும் ஏதாவது சிக்கலாம்!